‘ப்ரோஸ்ட்’ சொல்லும் முன்: டச்சுக்காரர்களோடு கிளாஸ் உயர்த்துவது எப்படி

நெதர்லாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடும் டச்சுச் சொல் ‘ப்ரோஸ்ட்’. நாம் ‘சியர்ஸ்’ என்று சொல்கிற இடத்தில் அவர்கள் சொல்வது இது. சொல் சுலபமாக வந்துவிடும், சுற்றியிருக்கும் பழக்கம்தான் பிடிபட நாளாகும். எல்லோர் கையிலும் கிளாஸ் வந்ததா, யார் கண்ணைப் பார்ப்பது, முதல் மடக்கு எப்போது, ‘போதும்’ என்பதை எப்படிச் சொல்வது, இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் டச்சுக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கிளாஸ் கைக்கு வந்ததும் யாருக்காகவும் காத்திருக்காமல் குடித்துவிட்டால் அது உடனே கண்ணில் படும்.

ஆகவே முதல் விதி, காத்திருப்பது. மேசையில் கடைசி ஆளுக்கும் கிளாஸ் வந்த பிறகுதான் முதல் மடக்கு. ஒருவர் கழிப்பறைக்குப் போயிருந்தால்கூட, சின்னக் குழுவாக இருக்கும்பட்சத்தில் அவர் திரும்பும்வரை பொறுப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கிளாஸைத் தூக்கி ‘ப்ரோஸ்ட்’ என்பார். பெரியவர்தான் தொடங்க வேண்டும், மேலாளர்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புதிதாக வந்தவர் தொடங்கினாலும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். நாலைந்து பேர் என்றால் ஒவ்வொருவர் கிளாஸோடும் இடித்துக்கொள்வது வழக்கம். இடிக்கும் நொடியில் பார்வை கிளாஸில் இருக்கக்கூடாது, எதிரில் இருப்பவர் கண்ணில் இருக்க வேண்டும். நம்மில் பலருக்குச் சிந்திவிடுமோ என்ற பயத்தில் கண் தானாகக் கீழே போகும். அதற்கு ஒரே வழி, கிளாஸை மெதுவாகக் கொண்டுபோவதுதான். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஒவ்வொருவராகத் தேடிப் போய் இடிக்க வேண்டாம். கிளாஸை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, ஒருமுறை சுற்றிப் பார்த்து, தலையசைத்துக் குடித்தால் போதும். வைன் கிளாஸாக இருந்தால் விளிம்போடு விளிம்பை இடிக்காதீர்கள். கண்ணாடி மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான், விரிசலும் அங்கேதான் விழும். வயிற்றுப் பகுதியோடு வயிற்றுப் பகுதியைத் தொடுங்கள், ஓசையும் நன்றாக வரும்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. டச்சு ‘ப’ நம் ‘ப’வைப் போலவே மூச்சு வெடிக்காமல் வருவது, ‘ஓ’வும் நம் நெடில் ஓகாரத்துக்குப் பக்கத்தில் நிற்பது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த இரண்டிலும்தான் தடுக்கிவிழுவார்கள். நமக்குச் சிக்கல் இரு முனைகளிலும். முன்னால் ‘பு’ சேர்த்து ‘புரோஸ்ட்’ என்போம், பின்னால் ‘உ’ சேர்த்து ‘ப்ரோஸ்ட்டு’ என்போம். இரண்டையும் விட்டுவிட்டு ஒரே அசையாகச் சொல்லிப் பழகுங்கள். கடைசி ‘ட்’ நாக்கு நுனியில் பட்டென்று நிற்க வேண்டும்.

அடுத்த படியாக, ‘ஒப் யெ ஃகெஸொன்ட்ஹெய்ட்’. ‘உன் ஆரோக்கியத்துக்கு’ என்று பொருள். இங்கே ‘ஃக’ என்று எழுதியிருப்பது தொண்டையின் பின்புறம் காற்று உரசி வரும் ஒலி. மீன் முள் தொண்டையில் மாட்டினால் காறுவோமே, அதை மென்மையாகச் செய்தால் வந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் பக்கம் இந்த ஒலி கரகரப்பாக இருக்கும். தெற்கே பிராபண்ட், லிம்பர்க் மாகாணங்களிலும் பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸிலும் மிருதுவாக இருக்கும். பிராபண்டில் உள்ள ஐந்தோவனில் வேலை பார்க்கிறவர்கள் மிருதுவானதைப் பழகினாலே போதும், எங்கேயும் புரியும். அழுத்தம் நடுவில் உள்ள ‘ஸொன்ட்’ மீது விழும், அதன் ‘ஸ’ வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும். எழுத்தில் கடைசியில் ‘ட’வின் மெல்லொலி இருந்தாலும் வாயில் வல்லின ‘ட்’தான் வரும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு டச்சிலும் உண்டு, நமக்கு அது புதிதல்ல. நண்பருக்கு ‘ஒப் யெ’. வயதானவர், மாமனார் வீட்டுப் பெரியவர், முதல்முறை பார்க்கும் வாடிக்கையாளர் ஆகியோருக்கு ‘ஒப் ஊவ்’. இந்த ‘ஊ’வுக்கு உதட்டை ‘ஊ’ என்று குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை ‘ஈ’ சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். கூட்டமாக இருப்பவர்களுக்கு ‘ஒப் யுலி’. அலுவலகத்தில் இயக்குநரிடம்கூட ‘யெ’ போட்டுத்தான் பேசுவார்கள். ஆனால் ‘நீங்கள்’ போட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சந்தேகம் வந்தால் மரியாதைப் பக்கமே சாயுங்கள். அவரே ‘யெ என்று சொல்லலாம்’ என்பார்.

‘ஒப்’ என்பதற்குப் பின்னால் யாரை, எதை வைக்கிறீர்களோ அதற்காகக் குடிப்பதாகக் கணக்கு. இந்த ஒன்று கைவந்துவிட்டால் ஆயத்தமில்லாமலே எந்தச் சந்தர்ப்பத்தையும் சமாளித்துவிடலாம். பிறந்தநாள்காரருக்கு ‘ஒப் டெ யாரிஃகெ’. மணமக்களுக்கு ‘ஒப் ஹெட் ப்ரௌட்ஸ்பார்’. நமக்கே நமக்கு ‘ஒப் ஒன்ஸ்’. புத்தாண்டுக்கு ‘ஒப் ஹெட் நியூவெ யார்’. யாராவது நல்ல செய்தி சொன்னால், வீடு வாங்கிவிட்டேன், தேர்வில் தேறிவிட்டேன் என்றால், சட்டென்று ‘டார் ட்ரின்கன் வெ ஒப்’ என்பார்கள், ‘அதுக்குக் குடிச்சாகணும்’ என்பதுபோல. எழுத்தில் பார்க்கும்போது ‘யெ’, ‘யாரிஃகெ’ எல்லாம் ஆங்கில ‘ஜே’யில் தொடங்கும், ஜகரமாகப் படித்துவிடக்கூடாது, டச்சின் சொந்தச் சொற்களில் அது யகரம்தான்.

ஒரு தும்மல் விவகாரம் உண்டு. நெதர்லாந்தில் யாராவது தும்மினால் ‘ஃகெஸொன்ட்ஹெய்ட்’ என்று தனியாகச் சொல்வார்கள். அதனால் கிளாஸ் தூக்கும்போது வெறுமனே அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நெதர்லாந்துக்காரர் லேசாக விழிப்பார், ‘ஒப் யெ’ சேர்த்தால் சரியாகிவிடும். எல்லை தாண்டி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப், கென்ட் பக்கம் போனால் அதே ஒற்றைச் சொல் கிளாஸுக்கும் பொருந்தும். அங்கே பிரெஞ்சிலிருந்து வந்த ‘சான்டே’தான் அதிகம் காதில் விழும். பீர் என்றால் ‘ஸ்ஃகொல்’ என்றும் சொல்வார்கள். வடக்கே ஃபிரிஸ்லாந்தில் ஃபிரிசிய மொழி தனி, அங்கே ‘ச்சொஃக்’. லேவார்டனில் மூலிகைச் சாராயமான பேரன்பெர்க் கிளாஸைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ‘ச்சொஃக்’ என்று சொன்னால் அந்த மேசையே உங்களைத் தங்கள் ஆளாக நினைத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் நடக்கும் இடம் ‘பொரெல்’. இந்தச் சொல் சின்னக் கிளாஸ் சாராயத்தையும் குறிக்கும், வேலை முடிந்த பின் நின்றபடியே பேசிக் குடிக்கும் கூடுகையையும் குறிக்கும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் நடப்பதற்கு ‘ஃப்ரெய்மிபோ’ என்று செல்லப்பெயர். இது இரவுச் சாப்பாடு இல்லை. சீஸ் துண்டுகள், கடலை, ‘பிட்டர்பாலன்’ என்னும் பொரித்த உருண்டைகள், அவ்வளவுதான். உருண்டைக்குள் இருப்பது மாட்டிறைச்சிக் கூழ், அடுப்பிலிருந்து வந்ததும் அப்படியே வாயில் போட்டால் அண்ணம் வெந்துவிடும். இரண்டாகப் பிட்டு ஆவி போகவிட்டு, கடுகுச் சாந்தில் தொட்டுச் சாப்பிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, காய்கறி உருண்டையும் பல இடங்களில் கிடைக்கும், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

பீர் பெரும்பாலும் 25 சென்டிலிட்டர் கிளாஸில்தான் வரும், மேலே இரண்டு விரல்கடை நுரையோடு. நுரையைப் பார்த்து ‘குறைச்சு ஊத்திட்டான்’ என்று நினைக்க வேண்டாம். பீர் காற்றுப் பட்டுச் சப்பென்று ஆகாமல் காப்பது அந்த நுரைதான். கிளாஸ் சின்னதாக இருப்பதால் சுற்றுகள் சீக்கிரம் சீக்கிரமாக வரும். ஒவ்வொரு சுற்றையும் ஒருவர் வாங்கித் தருவார், அதற்கு ‘ரொன்ட்யெ’ என்று பெயர். மற்றவர் வாங்கித் தந்த மூன்று சுற்றையும் குடித்துவிட்டு நாலாவதில் கிளம்புகிற ஆள் மனதில் பதிந்துவிடுவார். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் இரண்டாவது சுற்றையே உங்கள் கணக்கில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு புதிய சுற்றுக்கும் மறுபடி ‘ப்ரோஸ்ட்’ உண்டு. முதல் சுற்றைப் போல எல்லோரோடும் இடிக்க வேண்டாம். வாங்கித் தந்தவரைப் பார்த்துக் கிளாஸை லேசாக உயர்த்துவது போதும்.

யெநேவெர் தனிக் கதை. தானியத்தில் காய்ச்சி ஜூனிப்பர் காய் மணம் ஏற்றிய சாராயம் இது, ஜின்னுக்கு முன்னோடி. ‘யொங்’, ‘ஔட்’ என்று இரண்டு வகை. இளையது, பழையது என்று பொருள் இருந்தாலும் பீப்பாயில் கிடந்த வயதைச் சொல்வதல்ல. மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து, காய்ச்சிய வடிசாராயம் கலவையில் 15 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் யொங், குறைந்தது 15 சதவீதமாவது இருந்தால் ஔட். யொங் லேசானது, குளிர வைத்துக் குடிப்பார்கள். ஔட்டில் மால்ட் மணம் கனமாக இருக்கும், அறை வெப்பத்திலேயே நன்றாக இருக்கும்.

இதைக் குடிக்கும் முறையைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆம்ஸ்டர்டாமில் டாம் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வைனன்ட் ஃபொக்கிங்க் சுவைக்கூடத்துக்குப் போகலாம். 1679 முதல் இருக்கும் பெயர். டியூலிப் பூ வடிவச் சின்னக் கிளாஸை மேசைமேல் வைத்து, விளிம்பு வரை, பிறகு விளிம்புக்கும் மேலே ஒரு நூல் அளவு, திரவம் குவிந்து நிற்கும்படி ஊற்றுவார்கள். கையால் எடுத்தால் வழிந்துவிடும். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து, உதட்டால் முதல் உறிஞ்சு உறிஞ்ச வேண்டும். ‘ப்ரோஸ்ட்’ குனிவதற்கு முன்பே, கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கிளாஸை இடிப்பதற்கு வழியே இல்லை. இரண்டாவது மடக்கிலிருந்து கையில் எடுத்துக்கொள்ளலாம்.

யெநேவெரோடு ஒரு பீரும் சேர்ந்து வந்தால் அதற்கு ‘கொப்ஸ்டோட்’ என்று பெயர், தலைமுட்டு என்று பொருள். யெநேவெரில் ஒரு வாய், பீரில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். சின்னக் கிளாஸை பீருக்குள் போடுவதோ, ஒரே மூச்சில் விழுங்குவதோ இந்தப் பழக்கத்தில் இல்லை. யெநேவெர் குறைந்தது 35 சதவீத ஆல்கஹால் என்பதை மறந்து, கிளாஸ் சின்னதுதானே என்று சுற்றுக்குச் சுற்று கொப்ஸ்டோட் கேட்பவர்கள் ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போக வேண்டிவரும்.

டச்சுப் பிறந்தநாள் வீட்டில் ஒழுங்கு வேறு. நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்துவிடக்கூடாது. வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ‘ஃகெஃபெலிசிட்டேர்ட்’ சொல்ல வேண்டும். அம்மாவிடம் ‘மெட் யெ டொஃக்டர்’, உங்கள் மகளுக்காக வாழ்த்துகள் என்று. கணவருக்கும் அண்ணனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்கூட இது உண்டு. முதலில் காபியும் கேக்கும், பிறகுதான் மது. பாட்டு ‘லாங் ஸல் ஸெ லேவன்’, நீடு வாழ்க என்பது. அது முடிந்ததும் ஒருவர் ‘ஹீபர்-டெ-பீப்’ என்று கூவ, மற்றவர்கள் கையைத் தூக்கி ‘ஹூரா!’ என்பார்கள், மூன்று முறை. இரண்டாவதோடு குடிக்கப் போய்விடாதீர்கள்.

அலுவலகத்தில் யாராவது விடைபெறும்போதோ, கல்யாணத்திலோ, உங்களையே நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். கல்யாணம் என்றால் யார் எப்போது பேசுவது என்ற பட்டியலை வைத்திருப்பவர் ‘செரெமோனிமேஸ்டர்’, பெரும்பாலும் மணமக்களின் நெருங்கிய நண்பர். அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் எழுந்து நிற்காதீர்கள், நிகழ்ச்சி நிரல் நிமிடக் கணக்கில் போட்டிருக்கும். பேசுவதற்கு இந்தச் சட்டகம் போதும். கவனம் கேட்க ‘மாஃக் இக் ஏவன் யுலி ஆன்டாஃக்ட்’. பிறகு அவரைப் பற்றி இரண்டு விஷயம், மூன்று நிமிடத்துக்குள். இரண்டில் ஒன்றாவது குறிப்பிட்டதாக இருக்கட்டும்: அவர் எந்த வேலையை எப்படிச் செய்து முடித்தார், எந்த நாளில் யாருக்குக் கைகொடுத்தார் என்று. ‘ஒப்பற்றவர், ஈடிணையற்றவர்’ என்று நம் மேடைப் பாணியில் அடுக்கினால் டச்சுக்காரர்கள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். புகழ்ச்சியைவிட நடந்ததைச் சொல்வதை மதிக்கிறவர்கள் அவர்கள். முடிவில் ‘லாடன் வெ ஹெட் ஃக்லாஸ் ஹெஃபன் ஒப்…’ என்று சொல்லிப் பெயரைச் சேருங்கள். ‘இவருக்காகக் கிளாஸை உயர்த்துவோம்’ என்று அர்த்தம். பெயர் சொன்ன பிறகு ஒரு நொடி நிறுத்தி, ‘ப்ரோஸ்ட்!’. அந்த இடைவெளி இல்லாமல் சொன்னால் கூட்டம் சேர்ந்து சொல்லாது, உங்கள் குரல் மட்டும் தனியாக ஒலிக்கும். பேசத் தொடங்கும் முன் உங்கள் கிளாஸில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்து வெறும் கிளாஸைத் தூக்குவது அடிக்கடி நடக்கிறது.

துக்க வீட்டில் அடக்கம் முடிந்ததும் காபியும் ஒரு துண்டு கேக்கும் தருவதுதான் பழைய வழக்கம். சில குடும்பங்களில் அதன்பிறகு ஒரு கிளாஸ் உண்டு. அப்போது ‘ஒப்’ போட்டு இறந்தவர் பெயரை மட்டும் சொல்வார்கள். அங்கே உற்சாகமாக ‘ப்ரோஸ்ட்’ சொல்லிக் கிளாஸை இடிப்பது வேண்டாம்.

டச்சுக்காரர்கள் இந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் வெள்ளிப் பாத்திரங்களைப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஹன்ஸ்யெ இன் டெ கெல்டர்’ என்ற வெள்ளிக் கிண்ணம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். ‘நிலவறையில் இருக்கும் குட்டி ஹன்ஸ்’ என்று பொருள். கிண்ணத்தின் நடுவில் மூடிபோட்ட சின்னக் குமிழ். வைன் ஊற்ற ஊற்ற உள்ளே உள்ள மிதவை மேலெழும்ப, மூடி திறந்து ஒரு குழந்தை உருவம் எட்டிப் பார்க்கும். வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை விருந்தினருக்கு வாயால் சொல்லாமல் சொல்வது இந்தக் கிண்ணத்தால்தான். பிறகு பிறக்கப்போகும் குழந்தைக்காக எல்லோரும் குடிப்பார்கள். இதற்கு நேர்மாறான குறும்பு ‘மோலன்பேகர்’, காற்றாலைக் கோப்பை. தலைகீழாகப் பிடித்தால்தான் கோப்பை, நிமிர்த்தினால் மேலே வெள்ளிக் காற்றாலை. பக்கத்துக் குழாயில் ஊதினால் இறக்கைகள் சுழலும், அவை நிற்பதற்குள் குடித்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் சின்ன முகப்பில் முள் காட்டும் எண்ணிக்கைக்கு இன்னும் குடிக்க வேண்டும். கோப்பையைக் காலி செய்யாமல் கீழே வைக்கவே முடியாது, அதற்கு அடி கிடையாது. அதே அருங்காட்சியகத்தில் பார்த்தலோமியஸ் ஃபான் டெர் ஹெல்ஸ்ட் 1648-இல் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. ஸ்பெயினோடு எண்பதாண்டுப் போரை முடித்த முன்ஸ்டர் உடன்படிக்கையைக் கொண்டாடும் காவல்படை விருந்து. படைத்தலைவர் மடியில் வெள்ளிப் பூணிட்ட குடிகொம்பு. அந்தக் காலத்து ‘ப்ரோஸ்ட்’டின் தடிமன் என்ன என்று அந்தக் கொம்பைப் பார்த்தால் தெரியும்.

இந்த மொழிப்பரப்பில் மிகக் கண்டிப்பான விதிகள் ஃபிளாண்டர்ஸ் மாணவர்களின் ‘கான்டஸ்’ நிகழ்வில். லூவன், கென்ட் ஊர்களில் படிக்கப் போகிறவர்கள் ஒருமுறையாவது அழைக்கப்படுவார்கள். நீளமான மேசைகள், பாட்டுப் புத்தகம், பீர். தலைமை தாங்குபவர் ‘சேனியர்’, உட்கார்ந்திருப்பவர்கள் ‘கொரோனா’. இங்கே லத்தீன்தான் ஆட்சி. சேனியர் ‘சிலென்சியம்’ என்றால் பேச்சு நிற்க வேண்டும். ‘ப்ரோசிட் கொரோனா’ என்றால் ‘ப்ரோசிட் சேனியர்’ என்று பதில் சொல்லித்தான் குடிக்க வேண்டும். ‘ப்ரோஸ்ட்’டின் தாயே இந்த லத்தீன் ‘ப்ரோசிட்’தான், ‘நன்மை பயக்கட்டும்’ என்று பொருள். ‘அட் ஃபுன்டும்’ என்றால் அடிவரை ஒரே மூச்சில். கழிப்பறைக்கு ‘டெம்புஸ்’ என்ற இடைவேளையில்தான் போகலாம், அதனால் முதல் மணி நேரத்தில் மெதுவாகவே குடியுங்கள். பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஆணிக்குமிழ்கள் அடித்திருப்பார்கள். மேசையில் சிந்திய பீர் தாளில் ஏறாமல் இருப்பதற்காக. பல சங்கங்களில் தண்ணீர் வைத்துக்கொண்டு பாட மட்டும் வரலாம். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குடிக்காதவர்களுக்கு நெதர்லாந்தில் சங்கடமே இல்லை. ‘ஸ்பா ரோட்’ என்றால் சோடா, ‘ஸ்பா ப்ளௌ’ என்றால் சாதாத் தண்ணீர், ‘நுல் நுல்’ என்றால் ஆல்கஹால் இல்லாத பீர். எதைத் தூக்கியும் ‘ப்ரோஸ்ட்’ சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பலருக்கும் தடுக்குவது வேறு இடத்தில். ‘இன்னொண்ணு சொல்லட்டுமா?’ என்று கேட்டால் நாம் பணிவாக ‘டாங்க் யெ’ என்போம், நன்றி என்று. டச்சில் அந்த இடத்தில் தனியாகச் சொல்லும் நன்றிக்கு ‘வேண்டாம்’ என்றே அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். கிளாஸ் வராது. வேண்டும் என்றால் ‘யா, ஃக்ராஃக்’. வேண்டாம் என்றால் ‘நே, டாங்க் யெ’. இந்தச் சுற்று மட்டும் வேண்டாம் என்றால் ‘இக் ஸ்லா ஏவன் ஓவர்’, யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ‘ஒற்றைக் காலில் நடக்க முடியாதே’ என்று ஒரு பழமொழி சொல்லி இரண்டாவதைத் தருவார்கள். சிரித்துவிட்டு அதே பதிலைத் திரும்பச் சொன்னால் போதும். கிளம்பும் நேரத்துக் கடைசிக் கிளாஸுக்கு ‘அஃப்ஸாக்கர்ட்யெ’ என்று பெயர், அதற்குச் சம்மதித்தால் இன்னும் அரை மணி நேரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான மறுப்பு ‘இக் பென் டெ பொப்’, நான்தான் இன்றைக்கு பொப். குடிக்காமல் மற்றவர்களை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு இந்தப் பெயர். 1995-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய பிரசாரம், 2001-இல் நெதர்லாந்துக்கும் வந்தது. இதைச் சொன்ன பிறகு யாரும் உங்கள் கிளாஸில் ஊற்றமாட்டார்கள். நெதர்லாந்தில் ஓட்டுநருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். உரிமம் வாங்கி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 0.2 கிராம்தான், ஒரே ஒரு பீர்கூட அதைத் தாண்டிவிடலாம். சைக்கிளுக்கும் அந்த 0.5 பொருந்தும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த மதுவும் விற்கக்கூடாது என்பது 2014 ஜனவரி 1 முதல் சட்டம். பெல்ஜியத்தில் பீருக்கும் வைனுக்கும் 16, சாராயத்துக்கு 18. கடையில் வயது கேட்டால் கோபப்பட வேண்டாம், அடையாள அட்டையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.